பிளானைப் பார்க்கும் முன் போஸ்ட்டைப் பாருங்கள்

பார்வதிபுரத்து வாடகை வீட்டை விட்டு அழகியமண்டபம் பக்கம் சொந்தமாகக் கட்டிய வீட்டுக்கு வந்ததிலிருந்து, வீடு கட்டிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எனக்குப் போன் செய்வது நெட் விஷயமாகத்தான். எந்தக் கம்பெனி நல்லது, எந்தப் பிளான் போடலாம், முந்நூறு எம்பிபிஎஸ் வேண்டுமா நூறு போதுமா என்று கேட்பார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போஸ்ட்டில் யார் யாருடைய கேபிள் ஓடுகிறது, அறுந்தால் ஏறிக் கட்டுகிற ஆள் எங்கே குடியிருக்கிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன். "அதையெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துக்க மாட்டானா?" என்பார்கள். நாகர்கோவில் டவுனுக்குள் என்றால் பார்த்துக்கொள்வான். எங்கள் பக்கம் கதை வேறு.

செட்டிகுளம், வேப்பமூடு, பார்வதிபுரம் மாதிரி இடங்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். ஒரே போஸ்ட்டில் நாலு கம்பெனி கேபிள் சுருள் சுருளாகத் தொங்கும். எந்தக் கம்பெனியைக் கூப்பிட்டாலும் ஆள் வந்து முப்பது நாற்பது மீட்டர் இழுத்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். தக்கலை தாண்டி மேற்கே வந்தால் ஊரின் அமைப்பே மாறிவிடும். மற்ற மாவட்டங்களில் வயல்கள் வெளியே இருக்க, வீடுகள் தெருத்தெருவாக ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கம் அநேகமாக ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், இருக்கும். சுற்றிலும் தென்னை, பிலா, நல்லமிளகுக் கொடி, ஒரு ஓரத்தில் ரப்பர், தாழ்ந்த இடத்தில் வாழை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். குடியிருக்கும் முறையும் மலையாளக் கரையைப் போலத்தான். ரோடு ஏறி இறங்கி வளைந்து போகும், வீடு அங்கிருந்து முடுக்கு வழியாக உள்ளே தள்ளி நிற்கும். எங்கள் வீட்டுக்கும் கம்பெனிக்காரர்களின் பெட்டி இருக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே இருநூறு மீட்டருக்கு மேல். எங்கள் வீட்டு நெட்டின் தலையெழுத்தை நிர்ணயிப்பது அந்த இருநூறு மீட்டர்தான்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணம் வேலை. மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளை வீட்டிலிருந்தபடி பார்க்கிறேன். ஆபீஸ் நிபந்தனை எளிது: வயர் வழி இணைப்பு இருக்க வேண்டும், கரண்ட் போனாலும் லைன் நிற்கக் கூடாது. மொபைல் ஹாட்ஸ்பாட் செல்லாது. இதற்கு மேல் அம்மாவின் சீரியல் இப்போது டிஷ்ஷில் இல்லை, நெட்டில்தான். தம்பி தமாமில் இருக்கிறான். வாசல் கேமராவை அங்கிருந்தே பார்க்க வேண்டும் அவனுக்கு. தேங்காய் வெட்டுக்காரர் வந்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரிவதற்கு முன் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது 256 கேபிபிஎஸ்ஸே பெரிய வேகம். அரசின் 2004-ஆம் வருடக் கொள்கைப்படி அந்த அளவு இருந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். 2013-இல் அதை 512 ஆக்கினார்கள், 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள். தக்கலையில் அப்பா வீட்டில் அந்தக் காலத்து கனெக்‌ஷன் இருந்தது. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எவ்வளவு டவுன்லோடு செய்தாலும் கணக்கில் வராது என்பதால் நானும் தம்பியும் அலாரம் வைத்து எழுந்திருப்போம். டெலிபோன் செம்புக் கம்பியில் வந்த நெட் அது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் கிடைப்பதே சந்தேகம். ஐப்பசியில் இடி இடித்தால் ரிசீவரைத் தொடாதே என்று அப்பா கத்துவார், மோடத்தின் ஒயரைப் பிடுங்க ஓடுவோம். ஓடி முடிப்பதற்குள் மோடம் போய்விட்ட வருடங்களும் உண்டு.

இப்போது வருவது கண்ணாடி இழை. செம்பு போல மின்னலைக் கடத்தி வீட்டுக்குள் கொண்டுவராது, தூரத்துக்கும் அசராது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒளியில் குறைவது ஏறக்குறைய 0.3 டெசிபல். எங்கள் இருநூறு மீட்டரில் குறைவது கணக்கில் சேர்க்கத் தேவையில்லாத அளவு. அப்படியானால் இந்த இருநூறு மீட்டருக்கு ஏன் இத்தனை புலம்பல் என்றால், குறைவது நீளத்தில் இல்லை, இணைப்பிலும் மடிப்பிலும் வெட்டிலும்தான்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம், பிறகு டெக்னீசியன் பேசுவது புரியும். கம்பெனியின் கருவியிலிருந்து ஓர் இழை புறப்படுகிறது. வழியில் ஸ்பிளிட்டர் என்னும் சின்னப் பெட்டி அதை எட்டாகப் பிரிக்கும், அந்த எட்டில் ஒவ்வொன்றையும் மறுபடி எட்டாகப் பிரிக்கும். ஆக ஒரே இழையில் அறுபத்து நாலு வீடு. அந்த அறுபத்து நாலு வீட்டுக்கும் சேர்த்து இறங்குவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவது அதில் பாதி. எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால் வீட்டுக்கு நாற்பது எம்பிபிஎஸ்கூடத் தேறாது. அப்படி எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதை நம்பித்தான் முந்நூறு எம்பிபிஎஸ் விற்கிறார்கள், அது பெரும்பாலும் நடக்கவும் செய்கிறது. ஒவ்வோர் எட்டுப் பிரிவிலும் ஒளி சுமார் பத்து டெசிபல் குறையும். மூன்று டெசிபல் குறைந்தாலே பாதியாகிவிட்டது என்று பொருள். கடைசியில் நம் வீட்டு ஓனுவுக்கு (மோடம் மாதிரி வைக்கும் வெள்ளைப் பெட்டி; ஆப்டிகல் நெட்வொர்க் யூனிட் என்பதன் சுருக்கம்) ஒளியின் பவர் மைனஸ் இருபதை ஒட்டி வந்தால் நல்லது. மைனஸ் இருபத்தேழு, இருபத்தெட்டுக்குக் கீழே போனால் சிவப்பு லைட். "பவர் எவ்வளவு காட்டுது?" என்று அவர்கள் போனில் கேட்டுக்கொள்வது இந்த எண்ணைத்தான். கரண்டை அல்ல.

வீடு பூச்சு வேலையில் இருக்கும்போதே கம்பெனிகளைக் கேட்கத் தொடங்கினேன். வெப்சைட்டில் பின்கோடு போட்டால் போதும், பச்சை டிக் வந்துவிடும். நம் மாவட்டத்துப் பின்கோடெல்லாம் 629-இல் தொடங்குபவை. ஒன்றுக்குள் அஞ்சாறு ஊரும் ரெண்டு குளமும் ஒரு சானலும் (பாசனக் கால்வாய்) அடங்கும். ரோட்டோரம் ஒரு கடைக்கு லைன் இருந்தால் அந்தப் பின்கோடு முழுக்கச் சேவை உண்டு என்று காட்டிவிடுகிறார்கள். ஒரு தனியார் கம்பெனி முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளையும் அனுப்பியது. வந்த பையன் கேட்டுக்கு வெளியே நின்று விளையை ஒரு நோட்டம் விட்டு, போனில் யாரிடமோ "சாரே, உள்ள கெடக்கு வீடு" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, ஆர்டர் ரத்து' என்று மெசேஜ். நான் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பணம் திரும்பி வந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அப்புறம்தான் பக்கத்துச் சந்திப்பில் கேபிள் டிவி நடத்தும் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். தொண்ணூறுகளில் டிஷ் ஆண்டெனா வைத்துக் கேபிள் கொடுத்தவர், இப்போது நெட் ஏஜென்சியும் அவரே. மாவட்டம் முழுக்க இப்படித்தான். பெரிய பெயர் எதுவாக இருந்தாலும் கடைசி அரைக் கிலோமீட்டரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள்காரர்தான். அவர் பிளான் அட்டையை எடுக்கவே இல்லை. "பிளானெல்லாம் பெறகு பாக்கலாம் மோளே. வீடு எங்க வருது? சானல்கரை வழியா வரணுமா, சர்ச் ரோட்டு வழியா வரணுமா?" என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் படம் போடச் சொன்னார். எனக்கு அப்போதே பாதி நிம்மதி வந்துவிட்டது.

சானல்கரை வழி தூரம் குறைவு, ஆனால் ரப்பர் விளை ஓரமாக வர வேண்டும். ரப்பர் மரத்தில் காற்றுக்குக் கொப்பு சட்டென்று முறியும். மறுநடவுக்கு மரம் வெட்டுகிற வருடத்தில் கேபிளை யாரும் பார்க்க மாட்டார்கள். தடி ஏற்றிய லாரி வேறு, தாழ்ந்து தொங்கும் ஒயரையெல்லாம் வாரிக்கொண்டு போகும். சர்ச் ரோட்டு வழி சுற்று, தென்னை அதிகம். தென்னையில் மட்டை விழும்; விழுந்தால் கேபிள் அறுந்துபோகலாம். ஆனால் மட்டை எந்தப் பக்கம் விழும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், வரிசை விட்டுக் கட்டலாம். இன்னொரு சங்கடம் திருவிழா. சப்பரம் வரும்போது குறுக்கே போகும் ஒயரைக் கோல் வைத்துத் தூக்கிப் பிடிப்பார்கள். சீரியல் லைட்டுக்கு வளைவு கட்டுகிறவர்கள் எந்தக் கேபிள் யாருடையது என்று பார்ப்பதில்லை. அண்ணன் சர்ச் ரோட்டையே தேர்ந்தெடுத்தார். "திருநாளு வருசத்துக்கு ஒருக்கா. ரப்பர் தடி லாரி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு மரத்தைவிடக் காற்றுதான் பிரச்சினை. முப்பந்தலில் காற்றாலை நிறுத்தும் அளவுக்குக் கணவாய்க் காற்று. தளர்வாகக் கட்டிய கேபிள் ஆடி ஆடியே கட்டுமிடத்தில் தேய்ந்துவிடும். ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டுமே கிடைக்கும் மாவட்டம் என்பதால் எங்கள் பக்கத்து டெக்னீசியனுக்கு ஓய்வு மாதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் கரண்ட் போஸ்ட் சாய்ந்தது. போஸ்ட்டை நம்பிக் கட்டியிருந்த எல்லாம் அதோடு போயின. அதற்குப் பிறகு எங்கள் சுற்றுவட்டத்தில் சிலர் கேட்டிலிருந்து வீடுவரை மண்ணுக்குள் பைப் போட்டு கேபிள் கொண்டுபோகிறார்கள். நல்ல யோசனைதான், காம்பவுண்டுக்குள் மட்டும். ரோட்டுப் போஸ்ட்டுக்கு நம் கையில் வழியில்லை.

கேபிள் பக்கத்து விளை வழியாக வர வேண்டுமானால் அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள், ஏஜென்சிக்காரரை அனுப்பாதீர்கள். பொது ரோட்டில் கேபிள் கொண்டுபோகக் கம்பெனிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து புதிய விதிகளே வந்திருக்கின்றன. தனியார் நிலத்தில் சொந்தக்காரர் சம்மதம்தான் எல்லாம். எங்கள் பக்கத்து விளைப் பெரியவர் முதலில் மறுத்தார். அவருக்கு நெட்டில் விரோதமில்லை. பழைய ஒரு கேபிள்காரர் அவருடைய அயனி மரத்தில் ஆணி அடித்து ஒயர் மாட்டிவிட்டுப் போனதில் கோபம். "ஆணி அடிக்கக் கூடாது கேட்டியா மக்களே, கயிறு கட்டிக்க" என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். கயிறுதான் கட்டினோம். அண்ணன் அதற்கு பிளாஸ்டிக் பட்டை கொண்டுவந்து, மரம் பருத்தால் தளர்த்துகிற மாதிரி விட்டுக் கட்டினார்.

எந்த கேபிள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிளில் இரண்டு ரகம் பார்த்தேன். ஒன்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி இருக்கும், இழுத்துக் கட்டினால் விறைப்பாக நிற்கும். மற்றதில் இரும்பு கிடையாது, நாரிழைக் கம்பி. நீளமாகத் தொங்க வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பி வைத்ததுதான் தாங்கும். ஆனால் அந்தக் கம்பியை வீட்டுக்குள் வரவிடக் கூடாது. வெளிச்சுவரிலேயே அதைப் பிரித்து நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே எடுக்க வேண்டும். ஜன்னல் கிரில்லில் அந்தக் கம்பியைச் சுற்றிக் கட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. இழை மின்னலைக் கடத்தாது, கூட வரும் இரும்பு கடத்தும்.

இழையைச் சேர்த்த அன்று நான் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனோடு வந்த டெக்னீசியன் பையன் வராந்தாவில் ஒரு ஸ்டூல் கேட்டான், பேனை நிறுத்தச் சொன்னான். கேபிளின் கறுப்புத் தோலைப் பிளந்து, உள்ளே இருந்த நிறப்பூச்சை இடுக்கி மாதிரி ஒரு கருவியால் உருவி எடுத்தான். பூச்சு போன பிறகு மிஞ்சியது தலைமுடிப் பருமனுக்கு ஒரு கண்ணாடி நூல். ஒளி ஓடுவது அந்த நூலின் நடுவில் 9 மைக்ரான் அகலத்தில். ஸ்பிரிட் நனைத்த பேப்பரால் அதைத் துடைத்தான். சுத்தமானால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வரும்வரை துடைத்தான். பிறகு கிளீவர் என்னும் கருவியில் வைத்து ஒரு தட்டு. நுனி நேராக வெட்டுப்பட்டது. தெறித்து விழுந்த துண்டை டேப்பில் ஒட்டி ஒரு டப்பாவுக்குள் போட்டான். "அக்கா, பிள்ளைங்க நடக்குற இடம். கால்ல ஏறிச்சின்னா கண்ணுக்குத் தெரியாது." அந்த ஒரு காரியத்துக்காகவே அவனுக்கு ரெண்டாவது சாயா போட்டுக் கொடுத்தேன்.

ஸ்பிளைசிங் மெஷினின் திரையில் இரண்டு நுனியும் பெரிதாக எதிரெதிரே தெரியும். மெஷின் தானாக அவற்றை நேர்ப்படுத்தி, ஒரு சின்னத் தீப்பொறி விட்டு உருக்கி ஒட்டும். கண்ணிமைக்கும் நேரம். 0.02 டெசிபல் இழப்பு என்று காட்டியது. அதற்கு மேல் ஒரு குழாயை நகர்த்தி மெஷினின் மறுபக்கத்தில் சுடவைத்துச் சுருக்கினான். அவ்வளவுதான் வேலை. இதற்கு மெஷின் வேண்டும், மெஷின் விலை கூடுதல். அதனால் சில இடங்களில் உருக்கி ஒட்டாமல் கையால் அழுத்தி மாட்டும் கனெக்டர் வைத்துவிட்டுப் போவார்கள். மாட்டிய அன்று ஓடும். ஈரமும் தூசியும் ஏற ஏறப் பவர் குறைந்துகொண்டே போகும், அடைமழையில் ஒரு நாள் சிவப்பு லைட் எரியும். ஸ்பிளைசிங் செய்து தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. கனெக்டர் நிறத்தையும் பாருங்கள். பச்சை நுனி சாய்வாகத் தேய்த்தது, நீல நுனி நேராகத் தேய்த்தது. பச்சையைப் பச்சையில்தான் செருக வேண்டும். நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒளி வருகிறதா என்று பார்க்காதீர்கள், வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. அந்தப் பையன் அன்றைக்குப் பவர் மீட்டரில் செருகிக் காட்டியது மைனஸ் 21. போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பின்னால் புகார் சொல்லும்போது 'நெட் ஸ்லோ' என்பதைவிட 'மாட்டும்போது 21, இப்போது 25' என்று சொன்னால் மறுமுனையில் இருக்கும் ஆளின் குரலே மாறும்.

வீட்டுக்குள் நடந்ததில் ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பூச்சு முடிந்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கரண்ட் பைப் பதிக்கும் சமயத்திலேயே நெட்டுக்குத் தனியாக ஒரு இஞ்ச் பைப் பதிக்கச் சொன்னேன். வெளிச்சுவரிலிருந்து ஹாலுக்கு ஒன்று, ஹாலிலிருந்து மாடி ரூமுக்கு ஒன்று, உள்ளே ஒரு நைலான் கயிறு. "வைஃபைன்னு சொல்லுவாங்களே, அதுக்கு எதுக்கு பைப்பு?" என்று கொத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கீழ்த்தளம் வெட்டுகல் சுவர், மேலே கான்கிரீட். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இந்த மாதிரி இரண்டு சுவரைத் தாண்டினால் தளர்ந்துவிடும், 2.4 ஊடுருவும், வேகம் கிடையாது. பழைய ஓட்டு வீடு என்றால் மச்சில் ஒரு ரூட்டர் வைத்தால் வீடு முழுக்க வரும். இந்த வீட்டில் மாடிக்கு ஒயர் இழுத்து அங்கே இன்னொரு பெட்டி வைப்பதைத் தவிர வழியில்லை. வளைவுகளில் எல்போ போடாமல் நீள வளைவு வைக்கச் சொல்லுங்கள். இழையை மடக்கினால் ஒளி வெளியே கசியும். கரண்ட் ஒயர் ஓடும் பைப்புக்குள் நெட் ஒயரைத் திணிக்கும் ஒயர்மேன்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

மாடிக்கு இழுத்தது கேட் 6 (Cat 6) என்னும் ரக நெட் ஒயர். முதலில் ஸ்பீடு டெஸ்ட்டில் எத்தனை தடவை பார்த்தாலும் 94 தான் வந்தது, பிளானோ 200. இந்த 94-ஐக் கண்டால் கம்பெனியைத் திட்ட வேண்டாம். ஒயருக்குள் எட்டு நூல் உண்டு. நாலை மட்டும் சரியாக கிரிம்ப் செய்திருந்தாலோ (நுனிப் பிளக்கில் அழுத்திப் பொருத்துவது), பெட்டியில் இருக்கும் போர்ட் பழைய ரகமாக இருந்தாலோ லைன் 100-இல் நின்றுவிடும், அதில் கைக்குக் கிடைப்பது 94. நுனியை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ததும் சரியானது.

கரண்ட் விஷயத்தில் இந்த நெட்டுக்கு ஒரு பெரிய வசதி. ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. கம்பெனி ஆபீசில் ஜெனரேட்டர் ஓடி, நம் வீட்டில் ஓனுவுக்குக் கரண்ட் இருந்தால் நடுவே ஊர் முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் வரும். ஓனுவும் ரூட்டரும் சேர்ந்தே இருபது வாட்டுக்குள் முடிந்துவிடும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும், இன்வெர்ட்டர் ஸ்விட்ச் ஆகிற நொடியில் ஓனு அணைந்து எழுவதும் நின்றுவிடும். ஆனால் சில ஏஜென்சிகள் வழியில் ஒரு கடையிலோ வீட்டு மாடியிலோ கரண்டில் ஓடும் சின்னக் கருவி ஒன்றை வைத்து அங்கிருந்து பிரித்துக் கொடுப்பார்கள். அந்தக் கடைக்காரர் ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனால் உங்கள் நெட்டும் தூங்கிவிடும். "நடுவுல எங்கயாவது கரண்ட் வேணுமா?" என்று கேட்டுவிடுங்கள். தெளிவாக இல்லை என்று சொல்கிறவரிடம் எடுங்கள்.

இடி மின்னலுக்கு நெட் தப்பித்தது, கேமரா தப்பிக்கவில்லை. வாசல் கேமராவுக்குப் போவது செம்பு ஒயர், வெளியே மொட்டை மாடி வழியாக. பக்கத்துத் தென்னையில் இடி விழுந்த அன்று கேமராவும் ரெக்கார்டரின் ஒரு போர்ட்டும் போயின. அதன் பிறகு கேமரா ஒயரை ரூட்டரில் நேரடியாகச் செருகுவதில்லை. நடுவே விலை குறைந்த ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறோம், போனால் அது போகட்டும். தம்பிக்கு இன்னொரு பிரச்சினை. பழைய முறைப்படி ஐபி முகவரி போட்டுக் கேமராவைப் பார்க்க அவனால் முடியவில்லை. இப்போதெல்லாம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள், வெளியிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வழி கிடையாது. தனி முகவரி வேண்டுமென்றால் கூடுதல் பணம். கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்லி முடித்தேன்.

பணம் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. போஸ்டரில் 499 என்று இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. இலவசமாகத் தரும் கேபிளுக்கு ஒரு நீளம் உண்டு, அதற்கு மேல் மீட்டர் கணக்கு. விளை வீட்டுக்காரர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வருடச் சந்தா கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். ஒரு மழைக்காலத்தை அந்த லைன் தாங்குகிறதா என்று பார்க்காமல் நான் கட்ட மாட்டேன்.

புது வீட்டுக்கு முகவரிச் சான்று கேட்டால் ஆதாரில் பழைய முகவரிதான் இருக்கும். வீட்டு வரி ரசீதோ ஈபி கார்டோ இருந்தால் அநேகமாக ஒப்புக்கொள்கிறார்கள். பழைய வீட்டு கனெக்‌ஷனை மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னாலும் நான் அதை நம்பி இருக்கவில்லை, ஒரு மாதம் இரண்டுக்கும் கட்டினேன். வேலை போவதைவிட அது மலிவு. பால்காய்ச்சு அன்றே புது லைன் ஓடிக்கொண்டிருந்தது. பழையதைப் பிறகுதான் நிறுத்தினேன். நிறுத்தும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் படமாவது வாங்குங்கள். இல்லாவிட்டால் டெபாசிட் கேட்கும்போது பெட்டியே வரவில்லை என்பார்கள். லேண்ட்லைன் நம்பரில் பாசம் உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு 04652, குழித்துறை மார்த்தாண்டம் பக்கத்துக்கு 04651. ஒன்றிலிருந்து மற்றதற்கு வீடு மாறினால் பழைய நம்பரை எடுத்துக்கொண்டு போக முடியாது.

புகார் வந்தால் அண்ணனுக்குப் போன் போடுவதோடு கம்பெனி நம்பரிலும் பதிவு செய்து டாக்கெட் நம்பர் வாங்கி வையுங்கள். அண்ணன் வந்து சரி செய்துவிடுவார். ஆனால் இரண்டு வாரம் லைன் இல்லாமல் போய் மாதப் பணத்தில் கழிவு கேட்க வேண்டி வந்தால் அந்த நம்பர்தான் பேசும். பதில் சரியில்லை என்றால் ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் வருட விதி. டிராய்க்கே எழுதினால் தனி ஆள் புகாரை அவர்கள் நேரடியாக எடுப்பதில்லை.

கேபிளே வராத இடத்துக்கு 5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 2023-இல் வந்தது அது, மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து டவரிலிருந்து எடுப்பது. குலசேகரம், அருமனைப் பக்கம் மேட்டுமேல் வீடு இருந்து டவர் கண்ணுக்குத் தெரிந்தால் தாராளமாக வைக்கலாம். சரிவில், நாலு பக்கமும் தென்னையும் ரப்பரும் சூழ்ந்த வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். இலை நனைந்தால் சிக்னல் இன்னும் குறையும், எங்களுக்கு இலை நனையாத மாதம் குறைவு. என் வேலைக்கு இரண்டாவது லைனாக ஒன்று வேண்டும் என்று ஆபீசில் கேட்கிறார்கள். அதை அடுத்த கோடையில் டவர் பக்கம் பார்த்த மாடி மூலையில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இப்போதைக்கு எங்கள் சர்ச் ரோட்டுப் பெட்டியில் எட்டில் இரண்டு போர்ட்தான் காலி என்று அண்ணன் சொன்னார். அந்த வரிசையில் மூன்று வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்று என் நாத்தனார் வீடு. பூச்சு தொடங்குவதற்கு முன்பே அண்ணனிடம் பெயர் கொடுத்து வைக்க நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.